கொப்புளமும் காய்ப்பும்

நம் திருகோணமலையின் உவர்மலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இந்த முறை முதல் தடவையாகக் கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறாராம். “மூன்று நாள் காலில் கொப்புளம் போடும், நான்காம் நாள் முருகன் எடுத்துவிடுவான், நீ ஒரு ஆயத்தமும் செய்ய வேண்டாம் என்று அம்மம்மா சொல்கிறார். அவர் வெறுங்காலோடு மூன்று தடவை போய்வந்தவர். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?”

விஞ்ஞானம் அம்மம்மாவுக்கு நூற்றுக்கு ஐம்பது புள்ளி போடும். மிச்ச ஐம்பதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வருகிற அடியார்களோடு நம் ஊரில் சேர்ந்துகொள்பவர்கள் வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று நடந்து, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். முன்பெல்லாம் கிண்ணியாவில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறும்போதாவது கால் கொஞ்சம் ஆறும். 2009இல் 396 மீட்டர் நீளத்தில் பாலம் திறந்தார்கள். அந்த ஓய்வும் போயிற்று.

நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஓர் எட்டு முக்கால் மீட்டர் என்றால் ஏறத்தாழ 27,000 எட்டு, காலுக்குப் பாதி. சூடான, வறண்ட கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் உடல் வெயிலுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும். பழகிய உடல் முந்தி வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைத்துவிடும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிக்காமல் தண்ணீர்ப்பந்தலில் உப்புப் போட்ட மோர் கிடைத்தால் வாங்கிக் குடியுங்கள். இவ்வளவும் யாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விஷயம் தோல்.

கொப்புளம் சூட்டினால் வருகிறது என்றோ, செருப்பு உரசுவதால் வருகிறது என்றோதான் பெரும்பாலும் நினைக்கிறோம். இரண்டும் முழுச் சரியில்லை. வலக்கைச் சுட்டுவிரல் நுனியை இடது புறங்கையில் அழுத்தி வைத்து, வழுக்க விடாமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலும் தோலும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்வரும். எலும்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். உரசல் துளியும் இல்லை. ஆனால் தோலுக்கும் எலும்புக்கும் நடுவிலிருப்பதெல்லாம் இழுபடுகிறது. நடக்கும்போது இதே கூத்து தலைகீழாக நடக்கிறது. உள்ளங்கால் தோல் செருப்போடு ஒட்டி நிற்க, உள்ளேயிருக்கும் எலும்பு முன்னே போகிறது. வெற்றிலைக் கட்டை உள்ளங்கையில் வைத்து மேலிருந்து அழுத்தித் தள்ளினால் நடு இலைகள் சறுக்குமே, அப்படித்தான்.

நம் மேற்றோலும் அடுக்கடுக்கானதுதான். மேலே இறந்த கலங்களின் (உயிரணுக்களின்) படை. கீழே உயிருள்ள கலங்கள், ஒன்றையொன்று புரத முடிச்சுகளால் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டதும் அந்த முடிச்சுகள் களைத்து, உயிர்ப்படையின் நடுவில் ஒரு பிளவு விழுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து அதை நிரப்புகிறது. அந்த நீர்தான் கொப்புளம்.

ஆனால் பிளவுக்கு மேலே ஒரு கெட்டியான கூரை இல்லாவிட்டால் நீர் எங்கே தங்கும்? 1966இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் உடம்பின் பல இடங்களில் தோலைத் தேய்த்துப் பார்த்தார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் போலத் தடித்த தோல் இருந்த இடத்தில் கொப்புளம் எழுந்தது. மெல்லிய தோல் வெறுமனே உரிந்து போயிற்று. புறங்கையில் இறந்த படை மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு என்றால், குதிக்காலில் அது ஒரு மில்லிமீட்டரையும் தொடும். கால் தடித்திருப்பதால்தான் கொப்புளம் போடுகிறது!

அம்மம்மா சொன்ன மூன்று நாளுக்கு வருவோம். கொப்புளத்தின் அடித்தளத்தில் 24 மணிநேரத்துக்குள் கலங்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து மும்முரமாகப் பெருகத் தொடங்குகின்றன. 48 மணிநேரம் கழிந்தபின் புதுப்படைகள் தெரிகின்றன. 120 மணிநேரத்தில், அதாவது ஐந்தாம் நாள், புதிய மேற்படை வந்துவிடுகிறது. அம்மம்மாவின் கணக்கு ஒன்றிரண்டு நாள்தான் பிசகு. அந்த ஐம்பது புள்ளி இதற்குத்தான்.

இனி காய்ப்பு, அதாவது தோல் தடித்துக் காய்த்துப்போவது. கொப்புளத்தை உண்டாக்கும் அதே இழுவைதான் காய்ப்பையும் உண்டாக்குகிறது. வேறுபாடு, எவ்வளவு அவசரப்படுகிறோம் என்பதில். ஒரே நாளில் முடிச்சு அறுகிற அளவுக்கு இழுத்தால் கொப்புளம். அறாத அளவுக்கு இழுத்து, இரவு ஓய்வு கொடுத்து, நாளைக்கும் இழுத்தால், அடியிலுள்ள கலங்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகுகின்றன; மேலே போய் இறந்த கலங்களும் சீக்கிரம் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. அடியில் பிறந்த கலம் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம். ஆகவே புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே நடக்கத் தொடங்குங்கள் என்பேன். முதல் வாரம் கோணேசர் கோயில்வரை போய்வந்தால் போதும். பிறகு கன்னியா. பிறகு நிலாவெளி. வாரத்தில் இரண்டு நாள் கட்டாயம் ஓய்வு.

காய்ப்புப் பிடித்த கால் மரத்துப்போகும் என்று நானும் நம்பியிருந்தேன். 2019இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அந்த நம்பிக்கையைத் தூக்கிப் போட்டது. கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களையும் செருப்புப் போடுபவர்களையும் அளந்தார்கள். வெறுங்காலர்களின் காய்ப்பு தடிப்பாக இருந்தது, உணர்ச்சியோ குறையவில்லை. காரணம் அழகானது. காய்ப்பு விறைப்பானது, ஆகவே தரையின் அதிர்வை விழுங்காமல் ஆழத்திலிருக்கும் உணர்நரம்புகளுக்கு அப்படியே கடத்துகிறது. கைத்தடியால் தரையைத் தட்டினால் கல்லா மணலா என்று கைக்குத் தெரிகிறதல்லவா? தடிக்குப் பதில் தலையணையால் தட்டிப் பாருங்கள். பஞ்சுச் சப்பாத்து அந்தத் தலையணை. காய்ப்பு கைத்தடி.

அதற்காகக் காய்ப்பை மலைபோல் வளர்க்கவும் வேண்டாம். விளிம்பு வெடித்தால் கிருமிக்கு வாசல் திறந்துவிடும். கிணற்றடிக் கல்லில் குதிக்காலைத் தேய்க்கிற பழைய வழக்கம் நல்ல வழக்கம்.

ஈரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. சற்றே நனைந்த தோல், காய்ந்த தோலைவிட அதிகமாக ஒட்டும், இழுவையும் கூடும். கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரில் அரைமணி நேரம் காலை ஊறவைத்துவிட்டு உடனே நடப்பது கொப்புளத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பதுதான். கொப்புளம் வழக்கமாக வரும் இடத்தில், கால் காய்ந்திருக்கும்போதே, மருந்துக்கடையில் விற்கும் மைக்ரோபோர் காகிதப் பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். 2016இல் வெளியான ஆய்வில், பல நாள் நெடுந்தூரம் ஓடிய 128 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒட்டிய இடத்தில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. விலையும் அதிகமில்லை.

ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் ஓட்டி, நூலை அங்கேயே விட்டுவிடுகிற வைத்தியத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த நூல் வெளியிலுள்ள அழுக்கை உள்ளே இழுக்கும். நானே ஒரு முறை வெருகலுக்கு நடந்தபோது இந்த வைத்தியத்தைச் செய்து, பெருவிரல் சீழ் பிடித்து, மிச்சத் தூரத்தை பஸ்ஸில் போனவன். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்கால் நேர்த்தியை வைக்கவே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குப் புண் வந்ததே தெரியாது. அவர் செருப்புப் போட்டு வந்ததற்காக முருகன் கோபித்துக்கொள்வான் என்று சொல்கிறவர்களுக்கு முருகனையும் தெரியாது, நீரிழிவையும் தெரியாது.

கொப்புள ஆராய்ச்சியின் பெரும்பகுதி படைவீரர்களுக்காக, படைகளின் பணத்தில் நடந்தது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். நம் ஊரைத் தாண்டி ஆண்டுதோறும் இத்தனை கால்கள் போகின்றன. வெறுங்காலும் ரப்பர் செருப்பும் சப்பாத்தும் ஒரே வழியில், ஒரே வெயிலில். இப்படி ஒரு சோதனைக்களத்தைக் காசு கொடுத்தும் அமைக்க முடியாது. கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் நான்கு பேர் ஓர் அளவுகோலும் குறிப்பேடுமாக வெருகலில் உட்கார்ந்தால் போதும். செலவு நான்கு பேரின் சாப்பாடு.

வாசகிக்குக் கடைசியாக ஒன்று. அம்மம்மா ஆயத்தம் செய்யாமல் போனார் என்கிறீர்கள். முதல் தடவை புறப்பட்டபோது அவருக்கு என்ன வயது, அதுவரை கிணற்றடிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் செருப்புப் போட்டா போனார் என்று கேட்டு எழுதுங்கள்.