சிதறலா, சிதைவா?

இணையச் செய்தியை ஒளியாகச் சுமக்கும் கண்ணாடி இழைக்குள் (ஃபைபர்) ஒளி குறைவதை ‘ஒளிச் சிதைவு’ என்று எழுதுவது பெருகிவிட்டது. காரைக்குடியில் ஃபைபர் வேலை பழகும் பையன்களுக்குக் கொடுத்த ஒரு தமிழ்க் குறிப்பிலும் அதே சொல்தான். ஒளி பல திசையில் தெறிக்கும் ஸ்கேட்டரிங்குக்கும் சிதைவு, ஒளியைப் பொருள் தனக்குள் எடுத்துக்கொள்ளும் அப்சார்ப்ஷனுக்கும் சிதைவு. படித்த பையன் ஒருவன், “அண்ணே, ஒளி போகப்போகக் கெட்டுப்போயிருமா?” என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை. அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

சிதறு என்றால் பல பக்கமும் தெறித்துப் பரவு. சிதர் என்ற பழஞ்சொல்லுக்கு மழைத்துளி என்று பொருள் உண்டு. சிதை என்றால் உருக்குலை, அழி. ஓசையில் பக்கத்தில் நிற்பதால் ஒன்று மற்றதாகிவிடாது. பிள்ளையார்பட்டியில் சிதறுதேங்காய் விடுகிறோம். சில்லு எங்கே போய் விழுந்தாலும் தேங்காய் தேங்காய்தான், பிள்ளைகள் ஓடிப் பொறுக்குகிறார்கள். அதைச் ‘சிதைதேங்காய்’ என்று யாராவது சொல்வார்களா? சிதறிய ஒளியும் ஒளிதான், திசைதான் மாறியிருக்கிறது. இழையின் வழியை விட்டு விலகியதால் மறுமுனைக்கு வரவில்லை, அவ்வளவே.

அப்சார்ப்ஷனில் நடப்பது வேறு. அங்கே ஒளியின் ஆற்றலைக் கண்ணாடி எடுத்துக்கொள்கிறது, பெரும்பாலும் வெப்பமாக மாறிவிடுகிறது. இதற்கு உட்கவர்தல் என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. ஆநிரை கவர்தல் என்று சொன்ன மொழிக்கு, வந்த ஒளியைப் பொருள் தனக்குள் பிடித்துக்கொள்வதைச் சொல்லத் தெரியாதா? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சன்னலுக்கு மேல் பதித்த சிவப்புக் கண்ணாடி, பச்சையையும் நீலத்தையும் உட்கவர்ந்துகொண்டு சிவப்பை மட்டும் வளவுக்குள் விடுகிறது. ‘உறிஞ்சுதல்’ என்பாரும் உண்டு. பொருள் கெடவில்லை, ஆனாலும் அது நீர்ப்பொருளுக்கு உரிய சொல். நான் உட்கவர்தல் பக்கம்தான்.

சிதைவு என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் இழையின் வரலாறே விளங்காது. 1966-ல் சார்லஸ் காவோ, ஹாக்கம் என்ற ஆய்வாளர்கள் சொன்னது இதுதான்: கண்ணாடியில் இழப்பு மிகுதியாக இருப்பதற்குக் காரணம் அதில் கலந்த மாசு. இரும்பு போன்றவை ஒளியை உட்கவர்கின்றன. அவற்றை நீக்கிச் சுத்தப்படுத்தினால் இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் (டெசிபல் இங்கே ஒளி இழப்பை அளக்கும் அலகு) கொண்டுவரலாம். 1970-ல் கார்னிங் நிறுவனத்தார் 17-ஐத் தொட்டார்கள். 20 டெசிபல் என்றால் ஒரு கிலோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். இன்று 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கு இழப்பு ஏறக்குறைய 0.2 டெசிபல்தான். நூற்றில் 95 பங்கு மிஞ்சுகிறது.

ஆனால் சிதறலைச் சுத்தம் செய்து போக்க முடியாது. உருகிய கண்ணாடி இறுகும்போது அடர்த்தியில் இருந்த நுண்ணிய ஏற்றத்தாழ்வு அப்படியே உறைந்துவிடுகிறது. ஒளி அதில் பட்டுச் சிதறுகிறது. அதுதான் ராலே சிதறல். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் 850-ல் ஆவதைவிட 1550-ல் ஏறக்குறைய 11 மடங்கு குறைவு. நீண்ட தொலைவுக்கு 1550-ஐ ஏன் எடுத்தார்கள் என்பதற்கு இது பெரிய காரணம். இன்னும் நீளமான அலைக்கு ஏன் போகவில்லை? 1600-ஐத் தாண்டினால் இழையின் கண்ணாடிப் பொருளான சிலிக்கா தானே உட்கவரத் தொடங்குகிறது. இந்த இழுபறியைச் ‘சிதைவு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது?

கதிரியக்கச் சிதைவு என்று அணுக்கரு இயற்பியலில் அந்தச் சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அங்கே பொருத்தம், கரு உண்மையிலேயே உருமாறுகிறது. சி.வி. ராமன் 1928-ல் கண்டதை ராமன் சிதறல் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் இருக்கும் சொல்லைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் புதிதாக ஒன்று கட்டுவது சோம்பல். தமிழ்ச் சொல் போட்டாயிற்று என்ற நிறைவு மட்டும் போதாது, எந்தத் தமிழ்ச் சொல் என்று பார்க்க வேண்டும். இப்படிச் செய்துவிட்டு, தமிழில் அறிவியல் புரியவில்லை என்று பழியை மொழிமேல் போடுகிறார்கள். எனக்குக் கோபம் அங்கேதான்.

மொத்தக் குறைவுக்கு ‘ஒளி இழப்பு’ போதும். அதற்குள் ராலே சிதறல் ஒரு பங்கு, 1383 நானோமீட்டருக்குப் பக்கத்தில், கண்ணாடியில் தங்கிவிட்ட நீரின் எச்சமான ஹைட்ராக்சிலின் உட்கவர்தல் ஒரு பங்கு. அந்தக் குறிப்பை மறுபடி அச்சிடுகிறவர்கள் இப்படிப் பிரித்து எழுதட்டும்.