செல்ஃப் எடுக்கும்போது கரகர சத்தமா? சாவியை மறுபடி திருப்பாதீர்கள்

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் ஓடுகிற பழைய டீசல் பிக்கப்புகளுக்கு ஓய்வே கிடையாது. காலையில் ஆத்தங்குடிக் கல், மத்தியானம் கல்யாண வீட்டுச் சமையல் பாத்திரம், சாயங்காலம் பழைய வீடு பிரித்த தேக்குச் சட்டம். இறக்க நிறுத்துவதும் மறுபடி எடுப்பதுமாக, செல்ஃப் மோட்டாருக்குத்தான் அதிக வேலை. அது கரகரவென்று அரைக்க ஆரம்பித்தாலும் நாலு தடவை திருப்பினால் வண்டி எடுத்துவிடுகிறது, அப்படியே ஓட்டுகிறார்கள். அந்த நாலு தடவைதான் சின்னச் செலவைப் பெரிய செலவாக்குகிறது.

சாவியைத் திருப்பியதும் சோலினாய்டு என்கிற மின்காந்தச் சுவிட்ச் இழுத்து, பென்டிக்ஸ் என்கிற சின்னப் பல்சக்கரத்தை முன்னே தள்ளும். அது இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான பிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியர் என்கிற பல் வளையத்தின் பல்லுக்குள் நுழைந்த பிறகே மோட்டார் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். சரியாக நுழையாமல் சுற்றினால் பல்லும் பல்லும் உரசும். நீங்கள் கேட்கும் கரகர அதுதான். ஒவ்வொரு உரசலுக்கும் இரும்பு தேய்கிறது.

பட்டறைக்கு வருமுன் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள்: சத்தம் எப்போது வருகிறது? டக டக என்று மட்டும் கேட்டால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பார்க்க வேண்டும். மோட்டார் உய்யென்று சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் பென்டிக்ஸின் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜின் எடுத்த பிறகும் கிறீச்சென்று இழுத்தால் பென்டிக்ஸ் பின்வாங்கவில்லை, அல்லது சாவி சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது அவசரம். பென்டிக்ஸ் பல்லைவிட ரிங் கியருக்குப் பத்து மடங்குக்கு மேல் பல் உண்டு. இன்ஜின் நிதானமாக நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினாலே பென்டிக்ஸ் 8,000 சுற்றைத் தாண்டிவிடும். உடனே இன்ஜினை அணையுங்கள். அப்புறமும் செல்ஃப் சுற்றினால் பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

சில நாள் சுத்தமாக எடுக்கிறது, சில நாள் அரைக்கிறது என்பார்கள். இதைத்தான் அதிகம் தப்பாகப் பார்க்கிறார்கள். நாலு சிலிண்டர் இன்ஜினை அணைத்தால் அது நினைத்த இடத்தில் நிற்காது. சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் கம்ப்ரஷன் தடுக்கிற இடத்தில்தான் நிற்கும். பென்டிக்ஸும் எப்போதும் அங்கேயே வந்து மோதும். அதனால் பிளைவீலில் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் ரிங் கியர் பல் தேயும், மற்ற இடம் புதிதுபோல இருக்கும். சோதிப்பது சுலபம். சம தரையில், சாவியை ஆஃப் செய்து, டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்கள். பிளைவீல் சற்று நகரும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது சத்தமில்லாமல் எடுத்தால் கோளாறு பெரும்பாலும் ரிங் கியரில்தான். புது செல்ஃப் மோட்டார் மாட்டினாலும் சத்தம் திரும்ப வரும், புது பென்டிக்ஸும் கெடும்.

மோட்டாரைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கட்டாயம் கழற்றுங்கள். செல்ஃபுக்குப் போகும் தடித்த வயரில் சாவி ஆஃபில் இருந்தாலும் கரண்ட் இருக்கும், பெரும்பாலும் ஃபியூஸும் கிடையாது. ஸ்பேனர் பாடியில் பட்டால் கை வெந்துவிடும். போல்ட்டைக் கழற்றும்போதே அது லூஸா, உட்காரும் இடம் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் லூஸாகி மோட்டார் சாய்ந்து நின்றதாலேயே அரைத்த வண்டிகள் உண்டு. ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது.

நம் பக்கத்துச் செம்மண்ணை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பல் நன்றாக நகரட்டும் என்று ஷாஃப்டில் கை நிறைய கிரீஸ் அப்பிவிடுகிறார்கள். அதில் செம்மண் தூசியும் கிளட்ச் தூசியும் ஒட்டிப் பசையாகிவிடுகிறது. விரலால் வழித்து வெயிலில் காட்டினால் சிவப்புக் குழம்புக்குள் இரும்புத் துகள் மினுக்கும். அந்தப் பசை இறுகி, பென்டிக்ஸ் பாதி வழியிலேயே நின்றுவிடும். மார்கழிக் காலையில் அரைத்து, மத்தியானம் ஒழுங்காக எடுக்கிற வண்டியில் முதலில் இதைத்தான் பார்ப்பேன். துடைத்துச் சுத்தம் செய்து, மிக லேசாக எண்ணெய் தடவினால் போதும். இதற்குப் புது மோட்டார் விற்பது அநியாயம்.

மோட்டார் வெளியே இருக்கும்போதே அந்த ஓட்டையில் டார்ச் அடித்து, இன்ஜினைக் கையால் சுற்றி, ரிங் கியரை முழு வட்டமும் பாருங்கள். ஆரம்பித்த பல்லில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டால் விடுபடாது. இதைப் பார்க்காமல் யாராவது மோட்டார் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது பென்டிக்ஸ் வாங்கினால் பழையதோடு பல்லை எண்ணிப் பாருங்கள். ஒரு பல் வித்தியாசம்கூட ஆகாது.

மீட்டர் இருந்தால் பேட்டரியையும் பார்த்துவிடலாம். நன்றாகச் சார்ஜான பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃபின் இழுவை குறைந்தால் இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். பழைய வண்டியில் அது துருவேறியிருக்கும். கரண்ட் குறைந்தால் சோலினாய்டு பல்லைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டு விட்டு அடிக்கும், அதிலும் பல் முனை உடையும். பத்து விநாடிக்கு மேல் சேர்த்துச் சுற்றாதீர்கள். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

ரிங் கியர் போய்விட்டது என்றால் கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். பழைய வளையத்தைத் தட்டி எடுத்து, புதியதைச் சூடாக்கி விரியவைத்து ஏற்றுவார்கள். சரிவாகச் சீவிய பல் முனை பென்டிக்ஸ் வரும் பக்கம் பார்க்க வேண்டும். கூலியில் பெரும்பங்கு கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றத்தான். அதனால் அதே சமயத்தில் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய வளையத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.