பேனல் என்றால் கட்டம்

சித்திரக்கதைப் பக்கத்தில் தனித்தனியாகப் பிரித்து வரைந்த ஒவ்வொரு படத்தையும் ஓவியர்கள் பேனல் என்கிறார்கள். "இந்தப் பக்கத்துக்கு ஆறு பேனல்", "மூன்றாவது பேனலை அகலமாக்கு" என்றுதான் அவர்கள் பேச்சு ஓடும். சுற்றிலும் கோடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கதையின் ஒரு கணத்துக்கு, அல்லது அடுத்தடுத்த சில கணங்களுக்கு, பக்கத்தில் ஒதுக்கிய இடம் அது.

இந்தச் சொல்லின் வேர் துணியில் இருக்கிறது. இலத்தீனில் 'பன்னுஸ்' என்றால் துணி. அதன் வழிவந்த பழைய பிரெஞ்சுச் சொல் துணித்துண்டையும் சேணத்துக்கு அடியில் இடும் துணியையும் குறித்தது. ஆங்கிலத்துக்குப் போனதும் வழி பிரிந்தது. ஜூரிகளின் பெயர்களை எழுதிய தோல்துண்டு பேனல் ஆயிற்று. பிறகு அந்த ஆட்களே பேனல் ஆனார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவரையொருவர் பேசவிடாமல் பேசுகிறவர்கள் இந்தக் கிளையின் வாரிசுகள். கதவுச் சட்டத்துக்குள் பொருத்தும் மரத்துண்டு இன்னொரு கிளை. சித்திரக்கதைப் பேனல் இதற்குத்தான் நெருக்கம்.

மற்ற மொழிகள் வேறு வழியில் போயிருக்கின்றன. பிரெஞ்சில் இது 'காஸ்', அதாவது பெட்டி. ஸ்பானியத்தில் 'வின்யேட்டா', பழைய நூல்களில் அலங்காரமாக வரைந்த திராட்சைக் கொடியிலிருந்து வந்த பெயர். ஜப்பானியரின் 'கோமா' திரைப்படச் சுருளில் உள்ள ஒரு படத்தையும் குறிக்கும்.

தமிழில் பலகம், சட்டகம், கட்டம் என மூன்று சொற்கள் போட்டியில் உண்டு. பலகம் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிக்குப் பொருந்தும். கதைக்குள் வந்தால் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. சட்டகம் ஓரத்தைச் சொல்கிறது, உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை. என் வாக்கு கட்டத்துக்கே. சதுரங்கத்திலும் குறுக்கெழுத்திலும் கட்டம் என்பது இடம். 'முதல் கட்டம்', 'நெருக்கடியான கட்டம்', 'நாடகத்தின் உருக்கமான கட்டம்' என்னும்போது அதுவே காலம். சித்திரக்கதையில் இடமும் காலமும் ஒன்றுதான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சாய்ந்தோ வட்டமாகவோ வரைந்தால் அதுவும் கட்டமா என்று கேட்கலாம். மரத்துண்டும் நாற்கரம்தானே, ஆங்கிலக்காரர்கள் அதற்காகச் சொல்லை மாற்றவில்லை.

பழைய பக்கங்களைத் திருத்த உட்காரும் ஓவியருக்கு இந்த இரட்டைப் பொருள் உடனே உறைக்கும். கட்டத்தைக் குறைத்தால் இடம் மட்டும் மிச்சமாவதில்லை, கதையின் நேரமும் ஓடிவிடுகிறது. பெல்ஜிய ஓவியர் எர்ஜே, தன் சித்திரக்கதை நாயகன் டின்டின் காங்கோ போன கதையை 1946-இல் வண்ணத்தில் புதிதாக வரைந்தபோது 110 பக்கம் 62 ஆகச் சுருங்கியது. அதே கதை வேறு வேகத்தில் நகர்ந்தது. அமெரிக்க ஓவியர் சார்லஸ் ஷுல்ஸுக்கு நேர்ந்தது வேறு வகை. 1950-இல் தொடங்கிய 'பீனட்ஸ்' நாளிதழ்த் தொடருக்கு ஒரே அளவில் நான்கு கட்டங்கள் என்று விதித்திருந்தார்கள். பத்திரிகைகள் அவற்றைக் கிடையாகவோ, ஒன்றன்கீழ் ஒன்றாகவோ, சதுரமாகவோ அடுக்கிக்கொள்ளலாம் என்பதே காரணம். 1988-இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அதன் பிறகு ஒரே நீளக் கட்டத்தில் முழு நாள் கதையையும் சொல்லிவிட அவரால் முடிந்தது.

பாத்திர வடிவமைப்பும் கட்டத்துக்குக் கட்டுப்பட்டதே. சிறிய கட்டத்துக்கென்று அமைத்த முகத்தில் இரண்டு புள்ளிகள் கண்களாகிவிடும். அதே முகத்தைப் பெரிய கட்டத்துக்கு மாற்றினால் கன்னம் வெறுமையாகத் தெரியும். உடனே இமை வேண்டும், தாடைக்கு ஒரு கோடு வேண்டும். பழைய பக்கத்தின் அமைப்பை மட்டும் திருத்தப் போனவர் ஆளையே மாற்றி வரைந்து முடிப்பது இப்படித்தான்.

உடன் வரும் சொற்களையும் பார்த்துவிடலாம். லேஅவுட்டைப் பக்க அமைப்பு என்பது நல்லது; வெறும் லேஅவுட் என்றால் நம்மவர்களுக்கு மனைப்பிரிவுதான் நினைவுக்கு வரும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைப் பட்டையை ஆங்கிலத்தில் கட்டர் (gutter) என்கிறார்கள். அது சாக்கடைக்கும் பெயர் என்பதால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காமல் இடைவெளி என்றே எழுதலாம். பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ஒற்றைப் படம் முழுப்பக்கக் கட்டம். வல்லுநர் பேனலுக்குக் குழு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.