கால் எட்டினால் போதுமா?

"சைக்கிள்ல விழுந்துட்டான் சார்" என்றுதான் அந்த அம்மா சொன்னார். பையனுக்கு 13 வயது. வலது முட்டி வீங்கிப்போய், தொடக்கூட விடவில்லை. எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் முன் காலை மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். கெண்டைக்காலின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழண்டிருந்தது. சைலன்சர் சுட்ட காயம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கால் தரையில எட்டுதேன்னு அவங்க அப்பாதான் ஸ்கூட்டியைக் கொடுத்தாரு. டியூஷன் ரெண்டு தெரு தள்ளித்தான் சார்."

எலும்பு முறிவு மருத்துவனாக இந்த "கால் எட்டுது" என்ற வார்த்தையை எத்தனையோ பெற்றோர் வாயால் கேட்டுவிட்டேன். பெரும்பாலான வீடுகளில் வண்டி ஓட்டும் வயதை அளக்கும் அளவுகோலே இதுதான். எட்டுகிற அந்தக் கால் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

வளரும் பிள்ளைகளின் நீள எலும்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் படலம் இருக்கும். எலும்பு நீளுவது அங்கேதான். தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் முட்டியை ஒட்டிய தட்டிலிருந்து வருகிறது. அந்த ஒரு தட்டு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்த்துக் கொடுக்கும். பெண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதை ஒட்டியும் இந்த வளர்ச்சி ஓயும். சிலருக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அந்த மூட்டில் மிகப் பலவீனமான இடம் இந்தத் தட்டுதான். பெரியவர்களுக்கு ஜவ்வு கிழிந்துபோகும் அதே அடியில் பிள்ளைகளுக்குத் தட்டு பிளந்துவிடும்.

இந்தப் பையனுக்கு நடந்தது அதுதான். குறுக்கே நாய் ஓடிவந்ததும், பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதில் காலை ஊன்றியிருக்கிறான். அது சைக்கிள் பழக்கம். பிள்ளைகள் சைக்கிளை அப்படித்தான் நிறுத்துவார்கள், 15, 20 கிலோ சைக்கிளை அது நிறுத்தியும் விடும். ஸ்கூட்டர் 100 கிலோவுக்கு மேல். ஊன்றிய கால் அங்கேயே நிற்க, வண்டி சுழன்று முட்டியின் மேல் சரிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தோம், எலும்பு நன்றாகவே சேர்ந்தது. ஆறு வாரத்தில் நடந்தான். வீட்டில் எல்லோரும் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் தட்டின் ஒரு பகுதி மூடிக்கொண்டுவிட்டதால் வலது கால் நீளுவது பின்தங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம் வலது பாதத்தின் கீழ் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, இடுப்பு இரண்டு பக்கமும் சமமாகும்வரை அளப்போம். முதலில் அரை சென்டிமீட்டர் கட்டை போதுமாக இருந்தது. அடுத்த ஆண்டு ஒன்றரை. நல்ல காலின் வளர்ச்சியையும் நிறுத்திச் சமப்படுத்த ஒரு சிறிய அறுவை சிகிச்சை உண்டு. "நல்லா இருக்கிற காலையும் ஏன் சார் வெட்டணும்" என்று அவன் அப்பா மறுத்துவிட்டார். ஒரு தகப்பனாக அவர் தயங்கியதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. 16 வயதில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டையில் வந்து நின்றது. இப்போது குதிகால் உயர்த்திய செருப்போடு நடக்கிறான்.

சரி, எத்தனை வயதில்தான் வண்டி கொடுப்பது? 18. லைசென்ஸ் வாங்கிய பிறகு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 50 சிசிக்கு மிகாத கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதிலேயே சட்டம் அனுமதிக்கிறது. அதைச் சொல்லித்தான் பலர் வாதாடுகிறார்கள். உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எக்ஸ்எல் 100-ஆக இருந்தாலும் ஆக்டிவாவாக இருந்தாலும் அந்த அளவைத் தாண்டியதுதான். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் 250 வாட் திறனுக்கும் மிகாத மின்சார வண்டிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, உண்மைதான். ஆனால் வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அந்தச் சலுகை கிடையாது.

உடம்பு வளர்ந்தாலும் மூளை பின்னால்தான் வருகிறது. ஆபத்தை எடைபோட்டு, அவசரத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போய்விடும். அந்த ஒரு விநாடியில் முடிவெடுக்க வேண்டும். பின்னால் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து "இன்னும் முறுக்குடா" என்று கத்தும்போது 14 வயதுப் பையனிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு இந்தப் பொறுப்பைப் பெற்றோர் மீதும் வண்டி உரிமையாளர் மீதும்தான் வைக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதத்துக்கு வண்டியின் பதிவு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை எல்எல்ஆர் கிடையாது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு கொடுத்தாலும், பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க முடியும்.

பஸ் வராத ஊர்களிலிருந்து வரும் அப்பாக்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். டியூஷன் முடிய இரவு எட்டு மணி ஆகிறது, அவரும் வேலைக்குப் போகவேண்டும். நாலு வீட்டுப் பெற்றோர் முறைபோட்டுக் கூட்டிவருவதையும், பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் சைக்கிளையே பிள்ளைகள் ஓட்டிப்போவதையும் சில ஊர்களில் பார்த்திருக்கிறேன். சாவியைக் கொடுப்பதற்கு முன் அதைக் கொஞ்சம் முயன்று பாருங்கள்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட பிள்ளையின் பெற்றோருக்கு: முட்டியோ கணுக்காலோ வீங்கியிருந்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். நாட்டுக் கட்டுப் போடவும் கூட்டிப்போகாதீர்கள். அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். முதல் எக்ஸ்ரேவில் தட்டுக் காயம் தெரியாமலும் போகலாம். அதனால் மருத்துவர் பத்து நாள் கழித்து வரச்சொன்னால், வலி குறைந்திருந்தாலும் வாருங்கள்.

இன்னொன்று. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து எங்களிடம் சைக்கிள் என்று சொல்லாதீர்கள். வண்டி என்று தெரிந்தால் முட்டியோடு நிறுத்தாமல் வயிறு, தலை, இடுப்பு என்று எல்லாவற்றையும் தேடிப் பார்ப்போம். முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்போம். ரத்தம் போகாத காலைக் காப்பாற்ற எங்களுக்குக் கிடைப்பது சுமார் ஆறு மணி நேரம். அந்தக் கணக்கு வண்டி விழுந்த நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது.