ட்ரெய்லர் மேலே சோலார் போடுகிறீர்களா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

"சோலார் போட்டால் டீசல் எவ்வளவு மிச்சமாகும்?" சரக்கு ட்ரெய்லர்களுக்கு வயரிங், பேட்டரி, டெய்ல் லிஃப்ட் (பின்பக்கம் சரக்கை ஏற்றி இறக்கும் மோட்டார் பலகை) வேலை பார்க்கிற என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. பதில் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான், ஏனென்றால் கேட்பவர் மனதில் லாரியே வெயிலில் ஓடுகிற மாதிரி ஒரு கற்பனை இருக்கும்.

கணக்கைப் போட்டுவிடுவோம். நீளமான ட்ரெய்லரின் கூரையில் பேனலுக்கு சுமார் 30 சதுர மீட்டர் இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது ஏறக்குறைய 1000 வாட், நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். ஆக 6 கிலோவாட், அதுவும் நடுப்பகலில் மட்டும். நாள் முழுக்கச் சேர்த்து 25 யூனிட் வந்தாலே பெரிது. பாரம் ஏற்றிய பெரிய மின்சார லாரி ஒரு கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் விழுங்கும், அதனால் ஒரு நாள் வெயிலை வைத்து இருபது கிலோமீட்டர் போகலாம், அவ்வளவுதான். ஸ்கேனியா நிறுவனம் உப்சாலா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2023-இல் ஒரு சோதனை வண்டியைச் சாலையில் இறக்கியது. 18 மீட்டர் ட்ரெய்லரைக் கிட்டத்தட்ட முழுசாக மூடி, பக்கச் சுவர்களையும் விடாமல், 13.2 கிலோவாட் உச்சத் திறனுக்குப் பேனல் பதித்திருந்தார்கள். அதற்கே ஸ்வீடன் வெயிலில் ஆண்டுக்கு 5000 கிலோமீட்டர் வரைதான் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன மதிப்பீடு. நெடுந்தூரம் ஓடுகிற வண்டிக்கு அது சில வாரத்து ஓட்டம்.

சரி, அப்படியென்றால் வேண்டாத வேலையா? இல்லவே இல்லை. என்னிடம் வருகிற புகார்களில் நிறைய, ட்ரெய்லர் சும்மா நிற்கும்போது ஆரம்பித்தவை. குளிர்சாதன ட்ரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டும் இயந்திரத்தை அணைத்தாலும் அதன் கண்ட்ரோலரும் இருப்பிடம் காட்டும் கருவியும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மொத்தம் 0.2 ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 5 ஆம்பியர்-மணி போகிறது. 100 ஆம்பியர்-மணி பேட்டரி பத்தே நாளில் பாதியாகிவிடும், இருபது நாள் நின்றால் காலி. லோடு ஏற்ற ஆள் வந்து நிற்கும்போது குளிரூட்டும் இயந்திரம் செல்ஃப் எடுக்காது. அப்புறம் ஜம்ப் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். அப்படி அடிக்கடி முழுசாக இறங்குகிற லெட் ஆசிட் பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து, பழைய கொள்ளளவு திரும்ப வராமலே போகும்.

இதே இடத்தில் ஒரு 50 வாட் பேனல் என்ன செய்யும்? நாளைக்கு நான்கு மணி நேர நல்ல வெயில் என்றால் 200 வாட்-மணி, அதாவது சுமார் 15 ஆம்பியர்-மணி. உறிஞ்சப்படுவதைப் போல மூன்று மடங்கு! மேகம், தூசு எல்லாம் கழித்தாலும் மிஞ்சும். கூரை முழுக்க வேண்டாம், ஒரு ஓரம் போதும்.

டெய்ல் லிஃப்ட் கதை இன்னும் மோசம். அந்த மோட்டார் தூக்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லாரியிலிருந்து வருகிற சார்ஜ் நீளமான கேபிளில் பின்னால் போய்ச் சேர்வதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. ஊருக்குள் கடை கடையாக நிறுத்தி இறக்குகிற வண்டியில் இன்ஜின் ஓடுவது கொஞ்சம், லிஃப்ட் ஏறி இறங்குவது அதிகம். இங்கே 50 வாட் காணாது. ஒரு நாளைக்கு லிஃப்ட் எத்தனை தடவை வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேனல் அளவைப் பேசவேண்டும். பேட்டரி ஏற்கெனவே செத்துப்போயிருந்தால் எத்தனை வாட் போட்டாலும் உயிர் வராது, அதை முதலில் சோதித்துவிடுங்கள்.

பொருத்துவதில் நானும் சொதப்பியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு வளையும் பேனலைக் கூரையைச் சரியாகத் துடைக்காமல் ஒட்டினேன். சில மாதத்தில் முன் விளிம்பு எழும்பி, காற்று உள்ளே புகுந்து, பாதி வழியில் பிய்ந்து தொங்கியது. பின்னால் வந்த வண்டியின் கண்ணாடியில் அடிக்காதது என் நல்ல நேரம். அன்றிலிருந்து, காற்றை எதிர்கொள்ளும் விளிம்பில் ஒரு அலுமினியப் பட்டையை வைத்து ஒட்டாமல் கீழே இறங்குவதில்லை. கூரையில் ஓட்டை போடுவதையும் கூடுமானவரை தவிர்க்கிறேன். வேறு ஒருவர் துளையிட்டு சீலண்ட் சரியாக வைக்காத ட்ரெய்லர் ஒன்று என்னிடம் வந்தபோது, உள்ளே மேல் அடுக்கு அட்டைப்பெட்டி எல்லாம் ஊறிக் கிடந்தது. தார்ப்பாய்க் கூரை மடிந்து சுருங்குகிற வகை ட்ரெய்லர் என்றால் இந்த யோசனையையே விட்டுவிடலாம். சட்டம் அடித்த கண்ணாடிப் பேனல் போட நினைத்தால், வண்டியின் மொத்த உயரம் உங்கள் பகுதி வரம்பைத் தாண்டுகிறதா என்று டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள்.

கூரையோடு ஒட்டிய பேனலுக்கு அடியில் காற்று போகாது, வெயிலில் 65 டிகிரி சாதாரணமாக ஏறும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் திறன் குறையும், அதாவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. லாரியின் காற்றுத்தடுப்பு நிழல் விழுகிற முன் ஓரத்தில் ஒட்டினால் இன்னும் மோசம், ஒரு சில செல்லில் விழுகிற நிழல் பேனல் தருவதில் பெரும் பங்கை இழுத்துப்போட்டுவிடும்.

வயரிங்கில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெயிலில் இருக்கும் பேனலை அணைக்க முடியாது, நீங்கள் கழற்றி வைத்தாலும் முனையில் வோல்டேஜ் இருக்கும். வேலை செய்யும்போது போர்வையைப் போட்டு மூடுங்கள். மாட்டும்போது சார்ஜ் கண்ட்ரோலரில் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும், கண்ட்ரோலர் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு நடுவில் ஆறு மீட்டர் வயரைக் காப்பில்லாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெவ்வேறு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று செருகாதீர்கள். உட்கார்ந்த மாதிரி தெரியும், உள்ளே தொடர்பு சரியாக இல்லாமல் சூடாகி உருகும்.

அப்புறம், துடைக்கிறேன் என்று யாரையும் கூரை மேல் ஏற்றாதீர்கள். நான்கு மீட்டர் உயரம், ஈரமான வழுவழுப்பான தகடு, பிடிக்க ஒன்றும் இருக்காது. கண்ட்ரோலரில் தினமும் எவ்வளவு ஏறியது என்று மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். எண் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால் தரையில் நின்றே நீளக் கம்புப் பிரஷ்ஷால் கழுவுங்கள்.