அரிவாள்மணையை எடுத்து வெளியே வையுங்கள்

போன வாரம் ஒரு அம்மா வந்தார் (அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மகனுக்கு மனச்சிதைவு நோய். நான்கு வருடமாக ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்கும் போகிறான். ஞாயிறு ராத்திரி எல்லாரும் சேர்ந்து ஒரு சைக்கோ த்ரில்லர் பார்த்திருக்கிறார்கள். கொலைகாரன் யாரென்று தெரிந்ததும் அம்மாவுக்குப் படபடப்பு, கை நடுக்கம், விடியவிடியத் தூக்கமில்லை. திங்கள் காலையில் கத்தி, அரிவாள்மணை எல்லாம் பீரோவுக்குள் போய்விட்டது. மகன் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் வரும்போது நறுக்கிய காய் பாக்கெட் வாங்கி வந்திருக்கிறான்.

இந்த வருடம் எனக்கு இது மூன்றாவது பீரோ.

படபடப்பில் தப்பே இல்லை. இரண்டு மணி நேரம் நம்பிய ஆள் சட்டென்று வேறு ஆளாகிவிட்டால் உடம்பு பதறத்தான் செய்யும். சிலர் சிரிப்பார்கள், சிலர் டைரக்டரைத் திட்டுவார்கள், சிலருக்கு வயிற்றைப் புரட்டும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனால் ட்விஸ்ட் வந்த கையோடு மனசு பின்னாலும் ஓடும். 'அட, அப்பவே கண்ணாடியைப் பார்த்துச் சிரிச்சானே!' என்று பார்த்த காட்சிக்கெல்லாம் புது அர்த்தம் முளைக்கும். த்ரில்லரின் ருசியே அதுதான், நானும் ரசிப்பவன்தான். இந்த அம்மா அதே வேகத்தில் மகனின் பழைய நாட்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டார். மொட்டை மாடியில் தனியாக நின்றது, கதவைச் சாத்திக்கொண்டது, எல்லாமே தடயமாகிவிட்டது.

"டாக்டர், இவனுக்குள்ளயும் இன்னொரு ஆள் இருக்கானா?"

எத்தனை தடவைதான் சொல்வது! மனச்சிதைவு என்றால் ஒரே உடம்பில் இரண்டு ஆள் இல்லை. 2005இல் வந்த 'சந்திரமுகி', 'அந்நியன்' இரண்டும் பேசியது ஆளுமைப் பிளவைப் பற்றி. அது வேறு நோய், அதையும் சினிமாவுக்காக ஏகத்துக்கு ஊதித்தான் காட்டினார்கள். பாதிக் குழப்பம் பெயரால் வந்தது. 1908இல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர், பிளவு, மனம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து மனச்சிதைவுக்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயர் வைத்தார். நினைப்பும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதைத்தான் அவர் சொன்னார், இரண்டு மனிதர்களை அல்ல. ஆளில்லாமல் குரல் கேட்கும், ஆதாரமில்லாத சந்தேகம் வரும், பேச்சு கோவையில்லாமல் போகும். உலகத்தில் 300 சொச்சம் பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. சினிமாக் கணக்குப்படி பார்த்தால் நம் தெருவில் யாருமே மிஞ்சியிருக்கக் கூடாது. நான் பார்த்தவரை இவர்களில் அடித்தவர்களைவிட அடி வாங்கியவர்கள்தான் அதிகம்.

இப்படிப் படம் பார்த்துப் பதறுபவர்களில் இன்னொரு வகை ஆட்களும் உண்டு. சொந்தக்காரர், குடும்ப நண்பர் என்று நம்பிய ஒருவராலேயே சின்ன வயதில் பாதிக்கப்பட்டவர்கள். 'கூடவே இருந்தவன்தான் செஞ்சான்' என்பது அவர்களுக்கு ட்விஸ்ட் இல்லை, ஞாபகம். பாதியில் எழுந்து போனால் "படம்தானே" என்று கையைப் பிடித்து உட்காரவைக்காதீர்கள், தயவுசெய்து. முடிவு என்னவென்று முன்கூட்டியே கேட்டால் சொல்லிவிடுங்கள், சஸ்பென்ஸ் போனால் போகட்டும்.

ஒரு வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, அதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். கூச்சமாக இருந்தால் 14416க்கு அழையுங்கள், அரசின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழில் பேசலாம். அப்புறம், படம் பார்த்த பயத்தில் வீட்டில் இருப்பவரின் மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். போன வருடம் ஒருவர் அதையும் செய்தார்.

அந்த அம்மாவுக்குச் சீட்டில் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அரிவாள்மணையை அடுப்படியில் வையுங்கள், நாளைக்குக் காயை அவனையே நறுக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.