மங்குக்குப் பெரணி மாத்திரை போதுமா?

பள்ளிகள் திறந்த இரண்டாவது வாரத்தில், இரு கன்னங்களிலும் மங்கு (மெலாஸ்மா) எனப்படும் கருந்திட்டு உள்ள ஓர் ஆசிரியை மீண்டும் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். ஏப்ரலில் ஓரளவு வெளுத்திருந்த திட்டுகள் இப்போது முன்பைவிடக் கருத்து, மேலுதட்டு வரை இறங்கியிருந்தன. என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டபோது, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து மேசைமீது வைத்தார். "இதைச் சாப்பிட்டால் உள்ளேயிருந்தே வெயில் தாக்காது, சன்ஸ்கிரீன் வேண்டாம் என்றார்கள், டாக்டர். அதனால் இரண்டு மாதமாகப் பூசவில்லை" என்றார். புட்டியின் மேல் 'பாலிபோடியம் லூகோடோமோஸ், 240 மி.கி.' என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்த மாத்திரை போலியன்று. அதைப்பற்றி அவரிடம் சொல்லப்பட்ட செய்திதான் தவறு.

பாலிபோடியம் லூகோடோமோஸ் என்பது மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளிலும் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் ஒரு பெரணி, அதாவது 'ஃபெர்ன்' எனப்படும் பூக்காத செடிவகை. தாவரவியலார் இன்று அதை ஃப்ளெபோடியம் ஆரியம் என்று அழைக்கின்றனர். ஹோண்டுராஸ் போன்ற நாடுகளில் 'கலாகுவாலா' என்ற பெயரில் நாட்டு மருந்தாக நெடுங்காலம் பயன்பட்டு வந்த இச்செடியை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்து, முதலில் சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கும், பின்னர் வெயில் பாதிப்பைக் குறைப்பதற்கும் வாய்வழி மருந்தாக்கினர். இதன் கிழங்கின்மேல் பொன்னிறச் செதில்கள் மயிர்போல அடர்ந்திருப்பதால், ஆங்கிலத்தில் முயல்கால் பெரணி என்றும் ஒரு பெயர் உண்டு.

இதைச் சொன்னதும், ஆசிரியையுடன் வந்திருந்த அவருடைய மாமியார், "அப்படியென்றால் இது நம் முடவாட்டுக்கால் கிழங்குதானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கொல்லிமலையில் சாலையோரம் குவித்து விற்கப்படுவதும், மூட்டுவலிக்கென்று சூப் வைத்துக் குடிக்கப்படுவதுமான அந்தக் கிழங்கும் ஒரு பெரணியின் கிழங்கே. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு முயலின் காலும் மற்றதற்கு ஆட்டின் காலும் பெயராக அமைந்ததற்கு அந்த மயிரடர்ந்த தோற்றமே காரணம். ஆனாலும் அவை வேறு வேறு செடிகள். அமெரிக்கப் பெரணியின் சாற்றைக் குறிப்பிட்ட அளவில் கொடுத்துச் செய்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு, கொல்லிமலைக் கிழங்கின் சூப்பும் தோலைக் காக்கும் என்று முடிவுகட்ட இடமில்லை.

சரி, இந்தச் சாறு உடலில் என்ன செய்கிறது? இதில் ஃபெருலிக் அமிலம், கஃபீக் அமிலம், குளோரோஜெனிக் அமிலம் முதலிய ஆன்டி ஆக்ஸிடன்ட்கள் இருக்கின்றன. புற ஊதாக் கதிர் தோலில் விழும்போது உண்டாகும் தீங்கான மூலக்கூறுகளை இவை தணிக்கின்றன. கதிர் பட்டபின் எழும் அழற்சியையும், தோல் செல்களின் டிஎன்ஏவில் நேரும் சேதத்தையும் குறைக்கின்றன. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெளிர்நிறத் தோலுடைய 9 பேருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 7.5 மி.கி. என்ற அளவில் இதைக் கொடுத்து, செயற்கைப் புற ஊதாக் கதிரைத் தோலில் பாய்ச்சிப் பார்த்தபோது, தோல் சிவப்பதும் செல் சேதமும் குறைந்திருந்தன. குறைந்திருந்தன என்பதுதான் செய்தி; நின்றுவிடவில்லை. சன்ஸ்கிரீன் கதிரைத் தோலின் மேற்பரப்பிலேயே தடுக்கிறது. இந்த மாத்திரையோ, கதிர் உள்ளே நுழைந்தபின் அது விளைவிக்கும் கேட்டில் ஒரு பகுதியைத் தணிக்கிறது. குடை பிடிப்பதும், நனைந்தபின் தலை துவட்டுவதும் ஒன்றாகிவிடுமா?

மங்கைப் பொறுத்தவரை சான்றுகள் இரு வேறு திசைகளில் நிற்கின்றன. மங்கு இருந்த 40 ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப்) பெண்களிடம் 12 வாரங்கள் நடந்த ஓர் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிங்கப்பூரில் 40 ஆசியர்களிடம், தோலின் கருமையைக் குறைக்கும் 4 விழுக்காடு ஹைட்ரோகுவினோன் களிம்புடன் சேர்த்துக் கொடுத்த மற்றோர் ஆய்வில் கூடுதல் பலன் தெரிந்தது. இவ்விரு ஆய்வுகளிலும் இரு தரப்பினருமே சன்ஸ்கிரீன் பூசிவந்தனர் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு மேலும் சிறிது உதவுமா என்று சோதித்துப் பார்த்த ஒரு பொருளை, சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக விற்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 மே மாதத்தில், வெயிலிலிருந்து காப்பதாகச் சொல்லி மாத்திரை விற்ற 4 நிறுவனங்களை எச்சரித்து, சன்ஸ்கிரீனுக்கு ஈடான மாத்திரை எதுவும் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது.

நான் இதை அறவே ஒதுக்குவதில்லை. வெயில் பட்டதும் கைகளிலும் கழுத்திலும் அரிப்புடன் தடிப்பு எழும் ஒளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வெண்புள்ளிக்கு ஒளிச் சிகிச்சை பெறும் சிலருக்கும், மங்குக்குரிய அடிப்படைச் சிகிச்சையைத் தவறாமல் செய்தும் வெயிலில் வேலை செய்தே தீரவேண்டியவர்களுக்கும் துணை மருந்தாக எழுதிக் கொடுக்கிறேன். பக்க விளைவு என்று பார்த்தால் சிலருக்கு இலேசான வயிற்று உபாதை, அரிப்பு ஆகியவையே காணப்படுகின்றன, 240 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை 60 நாள்கள் கொடுத்த ஆய்விலும் கடுமையான தீங்கு எதுவும் தென்படவில்லை. எனினும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் போதிய பாதுகாப்புத் தரவு இல்லாததால் நான் கொடுப்பதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களுக்கு மருந்து எடுத்துவருபவர்கள், இது நோய் எதிர்ப்பு மண்டலத்தின்மேலும் செயல்படக்கூடியது என்பதால், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பல சத்துகளைக் கலந்து விற்கும் மாத்திரைகளில், பெரணிச் சாறு தனியாக எத்தனை மில்லிகிராம் உள்ளது என்று அட்டையில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

மங்கு உள்ளவர்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில், புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கச் செய்கிறது. வெள்ளையாக இருக்கும் வழக்கமான சன்ஸ்கிரீன் இந்த ஒளியைப் போதிய அளவு தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன் தடுக்கிறது. கண்ணாடி ஜன்னலோரம் அமர்ந்திருந்தாலும் புற ஊதா 'ஏ' கதிர் உள்ளே வந்துவிடும் என்பதால், வெளியே போகவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

அந்த ஆசிரியை நிறுத்துவதற்கு முன்பு பூசிவந்த சன்ஸ்கிரீனைக் காட்டச் சொன்னேன். ஜனவரியில் வாங்கிய 50 கிராம் டியூப், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அவருடைய ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடிவரை இரண்டு கோடாகப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு முறைக்கு இவ்வளவு வேண்டும் என்று காட்டியபோது, "இவ்வளவா டாக்டர்? நான் கடலை அளவுதானே எடுப்பேன்!" என்றார். இந்தக் கணக்கில் காலையில் ஒரு முறையும், பள்ளி விட்டு ஸ்கூட்டரில் கிளம்பும் முன் ஒரு முறையும் பூசினால், ஒரு டியூப் ஒரு மாதம்கூட வராது. புட்டியில் மீதமிருக்கும் பெரணி மாத்திரையை முடித்துக்கொள்ளலாம், மறுபடியும் வாங்குவதா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, அடுத்த மாதம் வரும்போது காலியான டியூபைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன்.